நூறு ரூபாய் வெட்டு

பிப்ரவரி 1, சனி

பட்ஜெட். காலை ஒன்பது மணிக்கே நாடாளுமன்றத்தில் என் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாயிற்று. தமிழில் யாரும் பேசப்போவதில்லை என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் தமிழ் மொழிபெயர்ப்பாளன் கூண்டில் இருக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரே ஒரு கட்டளை உண்டு. உறுப்பினர் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று இழுக்கக் கூடாது. அதனால் பதினொன்று பத்துக்கு நான் அரசைக் கண்டித்திருக்கிறேன், பதினொன்று பதினாலுக்கு நானே அதைத் தாங்கிப் பேசியிருக்கிறேன். வீட்டுக்கு வரும்போது எனக்கென்று ஒரு கருத்தும் மிச்சமிருக்காது. அது ஒரு நிம்மதி.

பாதுகாப்புத் துறைக்கு இத்தனை லட்சம் கோடி என்று வாசித்தபோது மேஜைகள் தட்டப்பட்டன. பக்கத்து நாற்காலியில் செலின், நாகர்கோவில் பெண், எனக்கு அடுத்த இடத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர், மெல்லக் குனிந்து, “சார், உங்க பையன் ஆவுடையப்பன் சம்பளமும் இதுக்குள்ளதான சார் இருக்கு?” என்றாள்.

“வேலையப் பாரும்மா” என்றேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பத்தே முக்காலுக்குப் பையை எடுத்துக்கொண்டு கருவேப்பிலை வாங்கக் கிளம்பினேன். டெல்லி ஆர்.கே.புரத்தில் நல்ல கருவேப்பிலை கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. திரும்ப ஒரு மணி ஆகிவிட்டது.

மத்தியானம் ரசம்.

இதையும் எழுதி வைக்கிறேன். ஞாயிறு பதினோரு மணிக்கு என் மனைவி கோமதியின் செல்போனுக்கு மலையிலிருந்து அழைப்பு வரும். பையன் பேசிய நாளில் அவள் சொதி வைப்பாள், தேங்காய்ப் பால் வாசம் படிக்கட்டு வரை வரும். பேசாத நாளில் ரசம். அவள் சொல்வதில்லை, நான் கேட்பதில்லை. கேட்கவும் எனக்கு அவசியம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எஞ்சினியரிங் மூன்றாம் வருஷத்தைப் பாதியில் போட்டுவிட்டு, ஊரில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஓடிப்போய்ச் சிப்பாயாகச் சேர்ந்தவன் அவன். நானா ஓடச் சொன்னேன்?

“போறதுன்னா போ. இந்த வீட்டு நம்பருக்குப் போன் பண்ணிராத” என்று சொன்னது உண்மை. அவன் சொன்ன பேச்சைக் கேட்ட ஒரே விஷயம் அதுதான். வீட்டு போன் இரண்டு வருஷமாக அவனுக்காக அடிக்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கருவேப்பிலை. ரசம். இது மூன்றாவது ஞாயிறு.

பிப்ரவரி 13, வியாழன்

முதல் பகுதி முடிந்து அவைக்கு விடுமுறை. இனி மார்ச் பத்து வரை ஒவ்வொரு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையையும், அதாவது செலவுக்குக் கேட்கும் பணத்தையும், குழுக்கள் உட்கார்ந்து அலசும். வெளியில் இருப்பவர்களுக்குப் பட்ஜெட் வாசித்ததோடு கதை முடிந்தது என்று நினைப்பு. அப்படி இல்லை. அவை ஓட்டுப் போட்டுச் ‘சரி’ என்று சொல்லாமல் பட்டாளத்துக்கு ஒரு ஜோடி காலுறைகூட வாங்க முடியாது. குண்டு, கப்பல், கம்பளி, தீப்பெட்டி எல்லாம் இந்தக் கதவு வழியாகத்தான் மலைக்குப் போக வேண்டும்.

உயர மலைச் சாவடிகளில் எந்த மாதிரி காலுறை கொடுக்கிறார்கள் என்று ஒரு பழைய குழு அறிக்கையில் படித்தேன். மூன்று அடுக்காம். தொழில் சம்பந்தமான வாசிப்புதான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பனிச்சரிவு என்று காலைப் பேப்பரில் ஆறு வரிச் செய்தி. எந்த இடம், எந்தப் படைப்பிரிவு, யார் பெயரும் போடவில்லை.

கோமதி பேப்பரை மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு தோசை சாப்பிட்டேன். மூன்றாவது இறங்கவில்லை.

பிப்ரவரி 19, புதன்

அலுவலகத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டு நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கோமதி இரண்டு போனையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டு போனின் வயர் அவள் மடி வரை எட்டாது, நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள். நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

படைப்பிரிவு அலுவலகத்திலிருந்து போன். பையன் சுகம். சரிவு விழுந்தது வேறு பள்ளத்தாக்கில். ஆனால் பாதை மூடிவிட்டது, பேச்சுத் தொடர்பும் அறுந்துவிட்டது, சரியாக நாளாகும்.

“என்னங்க, உசுரோட இருக்கானாம்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதை எழுத உட்கார்ந்து பேனாவை இரண்டு தடவை கீழே போட்டேன். வயதாகிறது, சர்க்கரை பார்க்க வேண்டும்.

மார்ச் 2, ஞாயிறு

ரசம்.

மார்ச் 11, செவ்வாய்

அவை மீண்டும் கூடியாயிற்று. வெட்டுத் தீர்மானங்களின் பட்டியல் வந்தது. இது ஒரு விநோதமான வழக்கம், நமக்குள் இருக்கட்டும், எனக்குப் பிடித்த வழக்கமும்கூட. பல லட்சம் கோடிக் கோரிக்கையில் ‘நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும்’ என்று ஒரு உறுப்பினர் எழுதிக் கொடுப்பார். நூறு ரூபாய் அவருக்கு எதற்கு? அதைச் சாக்காக வைத்து ஒரு குறையைச் சொல்லத்தான். அந்தத் தீர்மானம் ஜெயித்ததாக நான் பார்த்ததே இல்லை. ஆனால் எழுந்து நின்று சொல்லலாம்.

பாதுகாப்புக் கோரிக்கையில் நாற்பத்தேழாம் எண், பூவலிங்கம் பெயரில். முதல் தடவை உறுப்பினர், எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். ‘உயர மலைச் சாவடிகளில் உள்ள வீரர்கள் குடும்பத்துடன் பேசும் நேரத்தைக் கூட்ட வேண்டியதன் அவசியம். நூறு ரூபாய் குறைக்கப்படுக.’

மூன்று தடவை வாசித்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்க.

பூவலிங்கம் பேச்சு நம்ம ஊர் மிளகாய்ப் பொடி. அதே காரம், அதே வேகம். செலினே கை எடுத்துக் கும்பிட்டுவிடுவாள். “அவரு பேசுற அன்னைக்கு நீங்கதான் சார்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். நான் மறுக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

நாலு நாளாக அமளி. பன்னிரண்டு மணிக்கு ஒத்திவைப்பு, இரண்டு மணிக்கு ஒத்திவைப்பு. இருபதாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குக் கில்லட்டின். அதாவது, அந்த மணி அடித்தால் பேச்சுக்குக் கழுத்து போயிற்று. பேசி முடித்தது, பேசாதது எல்லாக் கோரிக்கைகளையும் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் ஓட்டு. பாதுகாப்பு வரிசையில் நாலாவது. இந்த வேகத்தில் அதற்கு முறை வரவே வராது.

கத்துகிறவர்களைப் பார்த்து இன்று எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! உட்கார்ந்து தொலையுங்களேன், ஐயா! இருபத்தாறு வருஷத்தில் யார் கத்தினால் எனக்கென்ன என்று இருந்தவன். நாடாளுமன்ற நடைமுறை மேல் அக்கறை, வேறொன்றுமில்லை.

மார்ச் 16, ஞாயிறு

கடையிலிருந்து வந்தபோது பழைய கருவேப்பிலையை எல்லாம் கோமதி பேப்பர் விரித்துக் காயப்போட்டிருந்தாள். சாப்பாட்டு மேஜை முழுக்க.

“நம்ம என்ன, கருவேப்பிலைக் கடையா வைக்கப்போறோம்?” என்றாள்.

“உனக்குத்தான வாங்கிட்டு வாரேன்.”

“ஆமா, எனக்குத்தான்” என்றாள். பிறகு, ரசத்தை ஊற்றிக்கொண்டே, “அந்தப் பூவலிங்கம் என்னைக்குப் பேசுதாரு?” என்று கேட்டாள்.

“வியாழக்கிழமை, வாய்ப்பிருந்தா. உனக்கு எதுக்கு?”

“டிவியில பாக்கத்தான். நம்ம பக்கத்து ஆள்லா?”

மார்ச் 21, வெள்ளி

நேற்று எழுதவில்லை. எழுத முடியவில்லை. இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு தரப்புக் கட்சிக்காரர்களும் ஏதோ சமாதானத்துக்கு வந்து மூன்று மணிக்குப் பாதுகாப்புக் கோரிக்கையை எடுத்தார்கள். பெரிய கட்சிகள் பேசின. விமானம் பேசினார்கள், நீர்மூழ்கி பேசினார்கள், எல்லை பேசினார்கள். மணி ஐந்து. ஐந்தேகால். ஐந்து இருபத்தைந்துக்குப் பூவலிங்கத்தைக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிஷம். ஒலிவாங்கியை என் பக்கம் திருப்பினேன். அவையில் பாதிப்பேர் மொழிபெயர்ப்பு கேட்கக் காதில் குமிழை மாட்டினார்கள்.

“தலைவர் அவர்களே, நான் கப்பலப் பத்தி பேச வரல. எனக்கு ஒரு அம்மா எழுதுன காயிதத்த வாசிக்கப்போறேன். பேரு போடல. நம்ம ஊர்ல பொறந்து இங்க டெல்லியில இருக்குற அம்மா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்” என்று தொடங்கினார். நான் இரண்டு வினாடி பின்னால் ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். அவர் காகிதத்தைப் பிரித்தார்.

“ ‘ஐயா, என் மகன் மலையில சிப்பாய். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு அஞ்சு நிமிஷம் பேச விடுவாவ. பனி விழுந்து ரெண்டு மாசமா அதுவும் இல்ல. நான் அதைக் குத்தஞ் சொல்லல, பனிக்கு யாரு என்ன செய்ய முடியும்? நான் கேக்குறது வேற.’ ”

என் மகன் மலையில் சிப்பாய், என்றேன். ஆங்கிலத்தில். தங்கு தடையில்லாமல்.

“ ‘அவன் பேசுற நேரம் பாத்து எங்க வீட்டுக்காரரு பையத் தூக்கிக்கிட்டுக் கருவேப்பிலை வாங்கப் போயிருவாரு. ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் வருவாரு. வீட்டுல கருவேப்பிலை கெடந்து காயுது.’ ”

வாய் பாட்டுக்கு ஓடியது. என் கணவர் கருவேப்பிலை வாங்கப் போய்விடுவார், என்று நான் சொன்னேன். நாட்டின் அமைச்சர் ஒருவர் காதுக் குமிழைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

“ ‘அவரு மகன் மேல கோவமா இருக்காருன்னு ஊரு நெனைக்கும். எனக்குத் தெரியும், அது கோவம் இல்ல. ஒருநாள் பேசாதன்னு சொல்லிட்டாரு. இப்பம் அவரு வீட்டுல இருந்தா பையன் சங்கடப்பட்டு போன வச்சிருவானோன்னு பயந்து வெளிய போயிருதாரு. அந்த அஞ்சு நிமிஷத்துல நாலு நிமிஷம் நான் அழுதே தீத்துருதேன். கடைசி ஒரு நிமிஷம் எம்மவன் வாராவாரம் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கான். அப்பா எங்கன்னு கேக்கான்.’ ”

இங்கே நின்றுவிட்டேன்.

உறுப்பினர் பேசிக்கொண்டே இருக்கிறார், என் கூண்டிலிருந்து சத்தமில்லை. கீழே நாலைந்து பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். செலின் தன் ஒலிவாங்கிப் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். பதினோரு வினாடி என்று பிற்பாடு ஒலிப்பதிவுக்காரர் சொன்னார். பிறகு, விட்ட இடத்திலிருந்து, ‘அப்பா எங்கே என்று கேட்கிறான்’ என்றேன். பின்னால் கிடந்ததை ஓடிப் பிடித்தேன்.

“ ‘கடைக்குப் போயிருக்காருப்பான்னு சொல்லுவேன். லைன் கட்டாயிரும். ஐயா, இன்னொரு பத்து நிமிஷம் கூட்டிக் குடுக்கச் சொல்லுங்க. பத்து நிமிஷம் இருந்தா ரெண்டு பேரையும் எப்பிடியாவது பேச வச்சிருவேன்.’ ”

மணி அடித்தார்கள். பூவலிங்கம், “இவ்வளவுதான் தலைவர் அவர்களே, அந்த நூறு ரூபாயை நான் கேக்குறது இதுக்குத்தான்” என்று உட்கார்ந்தார். அமைச்சர் பதிலில் இதற்கு ஒரு வாக்கியம், பரிசீலிக்கப்படும் என்று. ஆறு மணிக்குக் கில்லட்டின். வெட்டுத் தீர்மானங்கள் எல்லாம் ஒரே சத்தத்தில் தோற்றன. கோரிக்கை ஒரே சத்தத்தில் ஜெயித்தது. ஒரு வருஷத்துப் பட்டாளச் செலவுக்கு ‘ஆம்’ சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நூறு ரூபாய் பத்திரமாக இருக்கிறது.

மேலதிகாரி வந்து, “கருவியில் கோளாறா?” என்று கேட்டார். “கருவி நன்றாக இருக்கிறது, கோளாறு எனக்குத்தான்” என்று எழுதிக் கொடுத்தேன்.

இன்று காலை கோமதி காபி கொண்டுவந்து வைத்தபோதுதான் கேட்டேன்.

“அவையில வேலை பாக்கிறவன் வீட்டிலிருந்து ஒரு உறுப்பினருக்குக் கடிதம் போகலாமா? விதி தெரியுமா உனக்கு?”

“நான் எங்க அவையில வேலை பாக்கேன்? நான் ஒரு சிப்பாய்க்கு அம்மா. யாருக்கும் எழுதுவேன்.”

“அத நான் சொல்ல வேண்டியதாப் போச்சு, கோமதி. என் வாயால.”

அவள் எதிரில் உட்கார்ந்தாள். “தெரியும். அவரு பேச்ச உங்களத் தவிர யாரு மொழிபெயர்ப்பா? நீங்கதான சொன்னிய, அவரு பேசுனா வேற ஆளே கிடையாதுன்னு. அதுக்குத்தான் அவருக்கு எழுதுனேன். வீட்டுல நான் சொன்னா எந்திரிச்சுப் போயிருவிய. அங்க காதுல போட்டா வாயத் தொறந்து சொல்லித்தான ஆகணும்?”

இருபத்தெட்டு வருஷம் இவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். கெட்டிக்காரி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

“நெசமாவே கேக்கானா?” என்றேன்.

“எது?”

“அப்பா எங்கன்னு.”

“வாராவாரம்” என்றாள். காபி ஆறிவிட்டது. ஆறிய காபியையே குடித்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

கருவேப்பிலை வாங்கப் போகவில்லை. பத்தரையிலிருந்து இரண்டு மணி வரை வீட்டிலேயே இருந்தேன். போன் வரவில்லை. ரசம்.

மார்ச் 30, ஞாயிறு

இருந்தேன். வரவில்லை. என் மகனே, அந்தப் பனி எப்போதடா உருகும்? இந்த நோட்டில் ‘என் மகன்’ என்று நானாக எழுதுவது இதுதான் முதல் தடவை. அவையில் சொல்லிப் பழகிவிட்டது போலிருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ரசம். காயப்போட்ட கருவேப்பிலையும் தீர்ந்துவிட்டது. அவளும் வாங்கி வா என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 9, புதன்

கூட்டத்தொடர் முடிந்துவிட்டதால் ஆறு மணிக்கே வந்தேன். இரண்டாம் மாடிப் படிக்கட்டில் தேங்காய்ப் பால் வாசம்.

புதன்கிழமை. சொதி.

நின்றுவிட்டேன். எதிர்வீட்டு சர்தார்ஜி, “தபியத் டீக் ஹை?” என்று கேட்டார், உடம்பு நன்றாக இருக்கிறதா என்று. டீக் ஹை என்றேன். லைன் சரியாகியிருக்கிறது. பேசியிருக்கிறான். உள்ளே போய் மூன்று தட்டு சாப்பிட்டேன். கோமதி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, ஆனால் இந்தத் தடவை கேட்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலை பத்தே முக்காலுக்குக் கோமதி பையை எடுத்தாள்.

“எங்க கெளம்பிட்ட? மணி பதினொண்ணு ஆகப்போகுதே?”

“நாளைக்கு வருசப் பொறப்பு. வேப்பம்பூ வாங்கணும், கருவேப்பிலை வாங்கணும்.”

“போன் வருமே!”

“வந்தா எடுங்க” என்றாள். செல்போனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எந்தப் போனை எடுப்பேன் என்று படியில் கத்திக் கேட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பதினொன்று ஐந்துக்கு வீட்டு போன் அடித்தது.

எடுத்தேன். கரகரப்பு. ஆகாயத்துக்குப் போய்த் திரும்புகிற லைன், சொன்னது போய்ச் சேர இரண்டு வினாடி ஆகும். புதிதாகப் பேசுகிறவர்கள் இதில் ஒருவர்மேல் ஒருவர் பேசித் தொலைத்துவிடுவார்கள். எனக்கு அந்த இரண்டு வினாடியில்தான் பிழைப்பு. காத்திருக்கத் தெரியும்.

“...அப்பா?”

“ஆமா.”

இரண்டு வினாடி.

“அம்மா இல்லையா?”

“கடைக்குப் போயிருக்கா.”

இரண்டு வினாடி. பிறகு சிரித்தான். என் வீட்டில் கேட்டு இரண்டு வருஷமான சிரிப்பு.

“இப்பம் அம்மா போயாச்சா?” என்றான்.

ஐந்து நிமிஷம். ஒரு வினாடி கூட வீணாகவில்லை. லைன் கட்டான பிறகும் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அழுதேன். அதை எழுதுவதில் என்ன வெட்கம்?

ஒரு மணிக்குக் கோமதி வந்தாள். பையில் ஒன்றுமில்லை. வேப்பம்பூ இல்லை, கருவேப்பிலை இல்லை. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்த தூசி சேலையில் ஒட்டியிருந்தது. இரண்டரை மாசமாகக் காத்துக் கிடந்து, புதனன்று அவன் குரலைக் கேட்டவள். அன்றைக்கே வீட்டு நம்பருக்குப் பேசச் சொல்லி வைத்திருக்கிறாள். இந்த வாரத்து ஐந்து நிமிஷத்தை அப்படியே தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

“என்ன சொன்னான்?” என்றாள்.

எனக்குத் தெரிந்த விதத்தில்தான் சொன்னேன். “அம்மா, நான் நல்லா இருக்கேன். கால் விரல்ல கொப்புளம் வந்துச்சு, இப்பம் ஆறிட்டு. சாப்பாடு பரவாயில்ல, ரொட்டிதான் கல்லு மாதிரி. ஜூன் கடைசியில எனக்கு லீவு. வந்ததும் மொத நாள் சொதி வைக்கணும். நீ அழாதம்மா.”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“நீங்க என்ன சொன்னிய?”

இருபத்தாறு வருஷத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

“சொதிக்குத் தேங்கா இருக்கா?” என்றேன்.

“தேங்கா இருக்கு. கருவேப்பிலைதான் இல்ல.”

அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு போனேன். பத்தே நிமிஷத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.